அண்ணையிடம் போகாத மாநாடு

இருபத்தெட்டு வருடங்களில் என் அண்ணையை நான் கண்டது மூன்று தடவைகள்தான். அந்த மூன்று தடவையும் என்னை அவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தவை ஆய்வு மாநாடுகள்.

சண்டைக் காலத்தில், இருபத்திரண்டு வயதில் புறப்பட்டுப் போனவர் அவர். பல நாடுகளில் அலைந்து, கடைசியில் வட ஐரோப்பாவில் ஒரு குளிர் நகரத்தில் தங்கினார். அங்கே ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. நான் இங்கேயே இருந்து படித்து, யாழ்ப்பாணத்திலேயே புவியியல் விரிவுரையாளரானேன். கடலேரிக் கரையோரக் கிணறுகளுக்குள் உப்புத்தண்ணீர் எப்படி, எவ்வளவு தூரம் வருகிறது என்பதுதான் என் ஆய்வு. அம்மாவும் அப்பாவும் போன பிறகு, எங்கள் வீட்டில் பிறந்தவர்கள் என்று மிஞ்சியது நாங்கள் இரண்டு பேரும்தான். நான் கலியாணம் செய்யவில்லை.

அவரைப் பார்க்கவென்று ஒருமுறை விசாவுக்கு விண்ணப்பித்தேன். தனியாள், திரும்பி வருவார் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று கடிதம் வந்தது. அடுத்த வருடம் அதே நாட்டில் நிலத்தடி நீர் பற்றிய மாநாட்டுக்கு அழைப்பு வந்தது. அதே அலுவலகம் பத்து நாளில் விசா தந்தது. தங்கச்சியாகப் போக முடியாத நாட்டுக்கு நான் கிணற்று ஆராய்ச்சிக்காரியாகப் போனேன்.

அந்த முதல் தடவை, மண்டபத்து வாசலுக்கு வெளியே, பனி தூறிக்கொண்டிருந்த நடைபாதையில் ஒருவர் சுடுதண்ணீர்ப் போத்தலும் சோற்றுப் பார்சலுமாக நின்றார். தலையில் மயிர் இல்லை. சிரித்தபோதுதான் அண்ணை என்று தெரிந்தது. உள்ளே வந்து இருங்கோ என்றேன்.

"சீச்சீ. உது படிச்ச ஆக்கள் இருக்கிற இடம். நீ போட்டு வா, நான் இஞ்சை நிக்கிறன்."

இரண்டு மணித்தியாலம் நின்றார். பிறகு வந்த இரண்டு தடவையும் அப்படித்தான். நான் உள்ளே கதைப்பேன், அவர் வெளியே நிற்பார். மாநாடு முடிய அவருடைய வீட்டில் மூன்று நான்கு நாட்கள். அண்ணையின் மனைவி புட்டும் மீன்குழம்பும் வைப்பார்; நாங்கள் ஒருவரையொருவர் மச்சாள் என்றுதான் கூப்பிடுவோம். அண்ணை பக்கத்தில் இருந்து நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். என்னை "மாநாட்டுக்காரி" என்றுதான் கூப்பிடுவார். ஊருக்கு வாங்கோ என்று ஒவ்வொரு தடவையும் கேட்பேன். "வாற வருசம்" என்பார். பத்திரங்கள் எல்லாம் சரியாகி எவ்வளவோ காலம். ஆனாலும் வரவில்லை. விட்டுப்போன அன்று கண்ட முகங்களில் என்னுடையதைத் தவிர ஒன்றுகூட இனி இங்கே இல்லை என்பதுதான் அவரைத் தடுத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அவர் அதைச் சொன்னதில்லை.

மூன்றாவது பயணத்தால் திரும்பிய அடுத்த கிழமை, யாழ்ப்பாணக் கடலேரிக் கரையில் இருக்கும் கொழும்புத்துறைக்கு மாதிரித் தண்ணீர் எடுக்கப் போனேன். அங்கே ஒரு மீன்பிடிக் குடும்பத்தின் கிணறு, நான் ஆறு வருடமாக அளந்துவரும் கிணறு. தொடங்கியபோது குடிக்கலாம் போலிருந்த தண்ணீர், பிறகு பாத்திரம் கழுவ மட்டும் என்றாகி, இப்போது அதற்கும் உதவாமல் போயிருந்தது. குடிக்கப் பவுசர் லொறியில் வரும் தண்ணீர்தான். வீட்டுக்கார அம்மா என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். முற்றத்தில் கிழிந்த வலையைப் பின்னிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ரீச்சரைக் கனநாளாக் காணேல்லை. எங்கை போனனீங்கள்?"

"வெளிநாட்டுக்கு அக்கா. உங்கடை கிணத்தைப் பற்றிக் கதைக்கத்தான் போனனான்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்ரை கிணத்தைப் பற்றியோ? எவ்வளவு நேரம் கதைச்சனீங்கள்?"

"பதினைஞ்சு நிமிசம்."

"பதினைஞ்சு நிமிசத்துக்குப் பிளேன் ஏறியோ போனனீங்கள்?"

"ஓம்."

அவர் வலையை மடியில் வைத்துவிட்டு யோசித்தார். "புகை கூடிப்போச்சு, அதாலைதான் கடல் மேலை வருகுது எண்டு நீங்கள்தானே போனமுறை சொன்னனீங்கள்? பிளேனுக்குப் புகை இல்லையோ ரீச்சர்?"

அவர் குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பிளேனுக்குத்தான் நிறையப் புகை என்று சொன்னேன். "அப்பிடியோ" என்றுவிட்டு மறுபடியும் வலையை எடுத்தார். நான் போத்தல்களில் தண்ணீரை நிரப்பிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.

பல்கலைக்கழகத்தின் அடுத்த பீடக் கூட்டத்தில் நான் ஒரு யோசனை வைத்தேன். வெளிநாட்டு மாநாட்டுக்கு ஒருவர் மூன்று வருடத்தில் ஒரு தடவைதான் விமானத்தில் போகவேண்டும். மற்றவற்றில் திரை மூலம் கலந்துகொள்ளலாம். போகிறவர் அந்தப் பக்கத்தில் இருக்கும் வேறு வேலைகளையும் ஒரே பயணத்தில் முடித்துவரவேண்டும். கொழும்பு, பேராதனைக் கூட்டங்களுக்கு ரயிலிலோ பஸ்ஸிலோ போகவேண்டும், தனி வான் வண்டி பிடிக்கக்கூடாது.

பொருளியல் படிப்பிக்கும் மூத்தவர் ஒருவர் கையை உயர்த்தினார். நல்ல மனிதர். கோபம் வந்தால் குரல் தாழ்ந்துவிடும்.

"மேடம், ஒண்டு கேக்கிறன். எங்கடை பீடத்திலையிருந்து வருசத்துக்கு எத்தினை பேர் பிளேன் ஏறுகினம்? உலகத்தைச் சூடாக்கினது நாங்களோ? அவங்கள் பறந்து பறந்து களைச்சுப்போய் இப்ப எங்களை வீட்டிலை இருக்கச் சொல்லுறாங்கள். விசா எண்டு அவங்கள் ஒரு கதவைச் சாத்தி வைச்சிருக்கிறாங்கள். மற்றக் கதவை நாங்களே சாத்துவமோ?"

பலர் தலையாட்டினார்கள். அவர் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை என்று எனக்கும் தெரியும். அதையே சொன்னேன். பிறகு கொழும்புத்துறை அம்மாவின் கேள்வியை அப்படியே சொன்னேன். "அவவுக்கு நான் என்ன மறுமொழி சொல்ல? எங்கடை புகை கொஞ்சந்தான் எண்டு சொல்லவோ?" பிறகு கை உயர்த்தச் சொன்னார்கள். யோசனை சிறிய வித்தியாசத்தில் நிறைவேறியது. எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்க இப்போது விருப்பமில்லை.

ஒன்றரை வருடம் போனது. அண்ணையின் நகரத்திலேயே ஒரு மாநாடு வந்தது. முந்திய மூன்றும் அதே நாட்டின் வேறு ஊர்களில் நடந்தவை, அவர்தான் ரயிலேறி வந்து என்னைக் கூட்டிப்போவார். இதுவோ அவருடைய வீட்டிலிருந்து பஸ் தூரம். அழைப்புக் கடிதத்திலேயே, தூரத்தில் இருப்பவர்கள் முடிந்தால் பயணத்தைத் தவிர்த்துத் திரையில் கலந்துகொள்ளலாம் என்று எழுதியிருந்தது. நான் போன கடைசிப் பயணத்துக்கு இன்னும் மூன்று வருடம் ஆகவில்லை. அன்றைக்கே, திரையில் வருகிறேன் என்று பதில் போட்டேன். பொருளியல்காரர் என் அறைக் கதவில் வந்து நின்று, "போட்டு வாங்கோ மேடம், ஒருத்தரும் கேக்கமாட்டினம்" என்றார். விதியைக் கொண்டுவந்தவளே அதை முதலில் முறிக்கிறதா என்று கேட்டேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போனார்.

அண்ணை தானாகவே எனக்குப் போன் எடுத்தார்.

"என்ன மாநாட்டுக்காரி, உங்கடை கூட்டம் எங்கடை ஊரிலை நடக்கப்போகுதாம். பஸ் தரிப்பிலை பெரிசா ஒட்டியிருக்கு. வருவாய்தானே?"

"இல்லை அண்ணை. இந்தமுறை திரையிலைதான் கதைக்கப்போறன். மூண்டு வருசத்துக்கு ஒருக்காத்தான் பறக்கலாம் எண்டு விதி."

"ஆர் போட்ட விதி?"

"நான்தான்."

அவருடைய பக்கத்தில் குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு நின்றது.

"நீ போட்ட விதியெண்டா நீ மீறக்கூடாது" என்றார். "மற்ற ஆக்கள் பிறகு உன்ரை சொல்லைக் கேக்கமாட்டினம்."

"நீங்கள் வாங்கோவன் அண்ணை. ஒருக்காலெண்டாலும் வந்து வீட்டைப் பாருங்கோவன்."

"பாப்பம், பாப்பம்." கொஞ்சம் பொறுத்து, "எண்டாலும் இந்தமுறை நீ வந்திருந்தா நல்லம்" என்றார். வெயில் அடித்திருந்தால் நல்லம் என்று சொல்வதுபோலத்தான் சொன்னார். நான் அதற்குள் கூரை ஓடு மாற்றின கதையைச் சொல்லத் தொடங்கிவிட்டேன்.

மாநாட்டு நாள் இங்கே பின்னேரம், அங்கே காலை. துறையின் சின்ன அறையில் யன்னலைச் சாத்தி, விசிறிச் சத்தம் ஒலிவாங்கியில் விழாமல் விசிறியையும் நிறுத்திவிட்டு, வேர்க்க வேர்க்கக் கதைத்தேன். என் திரையில் என்னுடைய படங்களும், ஓர் ஓரத்தில் கூட்டத் தலைவியின் முகமும் மட்டும் தெரிந்தன. மண்டபம் தெரியவில்லை. எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதும் தெரியவில்லை. கொழும்புத்துறைக் கிணற்றின் படத்தைக் காட்டும்போது ஒரு சத்தம் கேட்டது, யாரோ இருமினார்கள். இரண்டு கேள்விகள். நன்றி என்றார்கள். திரை மூடிக்கொண்டது. நான் யன்னலைத் திறந்துவிட்டு, கொண்டுபோன இடியப்பத்தைச் சாப்பிட்டேன்.

பொழுதுபட முன்னர் அண்ணைக்கு எடுத்தேன்.

"நல்லாக் கதைச்சனி" என்றார். "கிணத்துப் படம் வடிவு."

"எங்கை பாத்தனீங்கள் அண்ணை? வெளியாக்களுக்கு அனுப்பேல்லையே."

"மண்டபத்திலைதான். கடைசி வரிசையிலை இருந்தனான்."

இரண்டு மணித்தியாலம் பனியில் நின்றாலும் உள்ளே வராத மனிதர்.

"வாசலிலை ஒரு பிள்ளை பெயர் அட்டை கேட்டுது. இப்ப கதைக்கப்போறது என்ரை தங்கச்சி எண்டன். உடனை உள்ளை விட்டுது. தேத்தண்ணியும் தந்தவை. உன்ரை முகம் சுவரளவு பெரிசாத் தெரிஞ்சுது. முன்மயிர் எல்லாம் நரைச்சுப்போச்சு. ஒழுங்காச் சாப்பிடுறியோ நீ?"

"எனக்கு நீங்கள் இருந்தது தெரியேல்லையே அண்ணை. எனக்கு ஒருத்தரும் தெரியேல்லை."

"தெரியாதெண்டு பக்கத்திலை இருந்தவரும் சொன்னவர். எண்டாலும் முடிய நான் கையைக் காட்டினனான்."

நான் சிரித்தேன் என்று ஞாபகம். சிரித்துக்கொண்டே அழுதேன். அவர் அதைக் கவனிக்காத மாதிரி, கேள்வி கேட்ட வெள்ளைக்காரனுக்கு நான் சொன்ன மறுமொழியை மறுபடி விளக்கச் சொன்னார்.

ஏழு கிழமை கழித்து, காலையில் விரிவுரைக்குப் புறப்படும் நேரம் மச்சாள் எடுத்தார். "இருந்துகொண்டு கேளுங்கோ மச்சாள்" என்று தொடங்கினார். கணையத்தில் புற்றுநோய். கண்டுபிடித்து எட்டு மாதம். இனி மாதக் கணக்கு இல்லை, கிழமைக் கணக்குத்தான் என்று டொக்டர்மார் சொல்லிவிட்டார்கள். எட்டு மாதம் என்றால், பஸ் தரிப்பில் அந்த விளம்பரத்தைப் பார்த்துவிட்டு எனக்கு எடுத்தபோது அவருக்குத் தெரியும்.

"ஏன் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

"சொல்லவேண்டாம் எண்டு என்னட்டைச் சத்தியம் வாங்கினவர்" என்றார் மச்சாள். பிறகு அழுதார். அதற்கு மேல் அன்று கேட்க முடியவில்லை.

அன்றைக்கே ரயில் ஏறிக் கொழும்புக்குப் போனேன். விசா அலுவலகத்தில் விரல் அடையாளம் வைத்தேன். ஆஸ்பத்திரிக் கடிதத்தைக் கொடுத்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் அன்பாகத்தான் கதைத்தாள். அவசரம் என்று மேலே ஒரு தாள் வைத்து அனுப்புகிறேன், ஆனால் நாள் சொல்ல முடியாது என்றாள். மாநாட்டுக் கடிதம் ஏதாவது இருந்தால் கெதியாகக் கிடைக்கும் என்றும் சொன்னாள். மாநாடு முடிந்துவிட்டது என்றேன். அன்று எனக்கு எந்த விதியும் ஞாபகத்தில் இல்லை. புகையும் இல்லை, கடலும் இல்லை. நாலு விமானம் மாறிப் போ என்றிருந்தாலும் ஏறியிருப்பேன்.

காத்திருந்த நாட்களில் ஒருநாள் மச்சாள் போனை அவருடைய காதில் வைத்தார். மூச்சுத்தான் கூடக் கேட்டது.

"விசாவுக்குக் குடுத்திருக்கிறன் அண்ணை. வாறன்."

"அவசரப்படாதை" என்றார். பிறகு, "மழையோ உங்கை?"

மழை இல்லை. வெயில் எரித்துக்கொண்டிருந்தது. ஆனாலும் ஓம் என்று சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அவருக்கு மழை விருப்பம்.

விண்ணப்பம் கொடுத்த ஒன்பதாம் நாள் அவர் போய்விட்டார். செத்தவீட்டைத் திரையில் பார்த்தேன். இந்தமுறை எனக்கு மண்டபம் முழுவதும் தெரிந்தது. கதிரைகள், பூக்கள், நான் அறியாத ஊர்க்காரர், மூடிய பெட்டி எல்லாம் தெரிந்தன. என்னைத்தான் அங்கே யாருக்கும் தெரியவில்லை. தேவாரம் படித்து முடிய, கமராவை வைத்திருந்தவர் அதை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். கன நேரம் ஒரு வெள்ளைச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்கு ஆறு நாள் கழித்து விசா வந்தது. தொண்ணூறு நாள் தங்கலாம் என்று எழுதியிருந்தது. நான் போகவில்லை. விதிக்காக என்று பலர் நினைத்தார்கள். விதி காரணமில்லை. அவர் இல்லாத அந்த வீட்டுக்குள் எப்படிக் காலை வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. மச்சாளுக்குத் துணையாகவாவது போயிருக்கவேண்டும். அதுவும் என் பிழைதான்.

வருட முடிவில் பீடத்தில் அந்த விதி மறுபடி விவாதத்துக்கு வந்தது. கூட்டத்துக்கு முதல்நாள் பொருளியல்காரர் என் அறைக்கு வந்து, இருக்கச் சொல்லாமலே இருந்தார்.

"மேடம், எடுத்துப்போடுவம் உந்த விதியை. நான் முன்மொழியிறன். நீங்கள் ஒண்டும் கதைக்கத் தேவையில்லை."

"வேண்டாம்" என்றேன்.

"உங்களுக்கு நடந்ததுக்குப் பிறகுமோ?"

"எனக்கு நடந்தாப்போலை கடல் திரும்பிப் போகேல்லையே. விதி இருக்கட்டும். ஒரு வரி மட்டும் சேர்ப்பம்."

அந்த வரியை இரண்டு பேருமாக இருந்து எழுதினோம். போகிற நாட்டில் பெற்றாரோ, பிள்ளையோ, கூடப்பிறந்தவரோ இருந்தால் மூன்று வருடம் பார்க்கத் தேவையில்லை. அப்படிப் போகிறவருக்கு ஒரு மாதம் தங்கிவர லீவு கொடுக்கவேண்டும். இரண்டு மூன்று தரம் ஓடி ஓடிப் போவதைவிட ஒருதரம் போய் ஆறுதலாக இருந்துவரட்டும். கூட்டத்தில் யாரும் ஒரு சொல் எதிர்க்கவில்லை. ஏன் எதிர்க்கவில்லை என்று எனக்குத் தெரியும், அதனால் நான் தலையை நிமிர்த்தவில்லை.

முதலில் அந்த வரியைப் பிடித்துப் போனவர் ஓர் இளம் விரிவுரையாளர். அவருடைய அக்கா கனடாவில், பதினொரு வருடமாக இருவரும் சந்திக்கவில்லையாம். துறைத் தலைவியாக என் கையெழுத்தை வாங்க வந்தபோது அவருடைய முகம் மலர்ந்திருந்தது. போட்டுக் கொடுத்தேன். அவருக்காகச் சந்தோசப்பட்டேன் என்று எழுதினால் பொய். பொறாமைதான் வந்தது. கதவைச் சாத்திவிட்டுக் கொஞ்ச நேரம் இருந்தேன்.

மாசி மாதம் மச்சாள் சாம்பலைக் கொண்டுவந்தார். அவ்வளவு காலமும் வராத அண்ணை, மச்சாளின் கைப்பையில், துவாய் சுற்றிய சின்னப் பெட்டியில் பறந்து வந்தார். கீரிமலைக் கடற்கரைக்குக் கொண்டுபோனோம். சடங்கு செய்ய எங்களுக்குள் ஆண்பிள்ளை இல்லை. ஐயர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நீங்களே செய்யுங்கோ அம்மா" என்றார். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நான்தான் கரைத்தேன். சாம்பல் நினைத்ததைவிடப் பாரமாக இருந்தது. மேலே மிதக்காமல் நேரே கீழே போனது.

கரையில் இருந்து சேலையைப் பிழிந்துகொண்டிருக்கும்போது மச்சாள் சொன்னார்.

"உங்கடை மாநாட்டண்டைக்கு அவருக்கு ஆஸ்பத்திரியிலை மருந்து ஏத்துற நாள். போகமாட்டன் எண்டிட்டார். பிறகு ஏத்தலாம், இது பிறகு வராது எண்டவர். கோட்டும் கழுத்துக்கு ரையும் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டார். நான் கூட வாறன் எண்டதுக்கும் விடேல்லை."

"ஏன் மச்சாள் எனக்குச் சொல்லேல்லை?"

அவர் முந்தானையைப் பிழிவதை நிறுத்தினார். "சொன்னா அவள் அடுத்த பிளேனிலை நிப்பாள் எண்டவர். பிறகு அங்கை அவளின்ரை சொல்லை ஒருத்தரும் மதிக்கமாட்டினம். அவள் பட்ட பாடெல்லாம் வீணாப்போகும். அதுதான் அவர் சொன்னது."

என் சொல்லைக் காப்பாற்ற எனக்கு அண்ணை தேவைப்படவில்லை. எனக்கு அண்ணைதான் தேவைப்பட்டார். யாரைக் கேட்டு அந்த முடிவை எடுத்தார் என்று அவரைப் பிடித்து உலுக்கவேண்டும் போலிருந்தது. அவர் மேல் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது அதுதான் முதல்தடவை.

யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து இருக்கைகளில் இருந்தோம். மச்சாளின் சேலைக் கரையிலிருந்து தண்ணீர் சொட்டி இருக்கைக்குக் கீழே ஓடியது. தெல்லிப்பழை தாண்டியதும் அவர் என் பக்கம் திரும்பினார்.

"கோபமோ மச்சாள் அவரோடை?"

"ஓம்" என்றேன்.

"எனக்கும்" என்றார். பிறகு ஈரக் கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார். சுன்னாகத்தில் வெங்காய மூட்டைகளை ஏற்ற பஸ் நின்றது. நாங்கள் கையை எடுக்காமல் அப்படியே இருந்தோம்.